பூட்டி வைத்த கோடை

சித்திரை பிறந்தால் நம் வீட்டுப் பெரியவர்களின் காதில் திரும்பத் திரும்ப விழுவது ஒரே பேச்சுதான்: "வெயில்ல வெளிய போவாதீங்க." வேலூரில் சொல்கிறோம், ஆம்பூரில் சொல்கிறோம், வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் உருதுவில் சொல்கிறோம். சொல்லிவிட்டு, ஏழரை மணிக்கு முக்கில் வந்து நிற்கும் ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம். சாயங்காலம் திரும்பி வரும்வரை வீட்டுப் பெரியவர் என்ன செய்தார், எங்கே படுத்தார், யாரோடு பேசினார் என்று கேட்பதில்லை. வெளியே போகாமல் இருந்தாரா, சரி. அக்கறை முடிந்துவிட்டது.

இத்தனை கோடைகளை இப்படித்தான் கழித்திருக்கிறோம். யாரோ சிலரின் குறையாக இதை எழுத மனம் வரவில்லை. இந்தத் தோல் தொழில் பட்டையில் சம்பாதித்துச் சாப்பிடும் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. பெற்றோரை உயிராக வைத்துத் தாங்குகிறவர்களுக்கும் உண்டு.

நம் ஊர் வெயில் எப்படிப்பட்டது என்று வெளியூர்க்காரர்களுக்குத்தான் விளக்க வேண்டும். சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள், நடுவில் வறண்ட பாலாறு, கடல் காற்று எட்டாத தொலைவு. மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை அக்னி நட்சத்திரம். 108 டிகிரி ஃபாரன்ஹீட், சில நாள் 110 என்று செய்தியில் வேலூரின் பெயர் முதல் இரண்டு மூன்று ஊர்களுக்குள் வந்துவிடும். அந்த வெயிலில் வயதானவர்கள் வெளியே போகக் கூடாது என்பது சரிதான். ஆனால் உள்ளே எதில் அவர்களை விட்டுவிட்டுப் போகிறோம்? சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே. அல்லது நாள் முழுக்கக் காய்ந்து, ராத்திரி பதினொரு மணிவரை அனலைக் கக்கும் கான்கிரீட் தளத்துக்குக் கீழே. ஃபேன் சுற்றுகிறது. அறையின் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் ஃபேன் உடம்பைக் குளிர்விக்காது, மேலும் சூடாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எச்சரிக்கை. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? ஃபேனைப் போட்டுவிட்டு வந்தோம் என்று நிம்மதியாக மெஷினில் உட்கார்ந்திருக்கிறோம்.

வயது ஏற ஏற வியர்ப்பது குறையும், தாகம் எடுப்பதும் குறையும். உடம்பில் தண்ணீர் வற்றிய பிறகும் பெரியவருக்குத் தாகமே தெரியாமல் இருக்கலாம். "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் "வேணாம்" என்பார், அதுவும் உண்மையாகவே சொல்வார். கேட்கக் கூடாது, கையில் கொடுக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகமாகப் பிரித்துத் தண்ணீரை வெளியே தள்ளுபவை. வெயில் காலத்தில் அவற்றின் அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இதயமும் சிறுநீரகமும் பழுதானவர்களுக்கு எவ்வளவு தண்ணீர் தரலாம் என்பதையும் கேட்டே செய்ய வேண்டும். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் இரண்டு நாள் ரயிலேறி மருத்துவத்துக்காக வரும் ஊர் வேலூர். ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனை நம் வாசலில் இருக்கிறது. பெரியவர் மயங்கி விழுந்த பிறகு அங்கே தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஏப்ரலிலேயே இந்த ஒரு கேள்வியைக் கேட்டு வைத்துக்கொண்டவர்கள் நம்மில் மிகக் குறைவு.

உடம்பின் கதை இது. எனக்கு இதைவிடப் பெரிதாக உறுத்துவது இன்னொன்று. கோடை என்பது பெரியவர்கள் பயந்து ஒளிந்து கழிக்க வேண்டிய காலமாக இந்த மண்ணில் ஒருபோதும் இருந்ததில்லை. இந்தப் பக்கத்து முதியவர்களுக்கு வருடத்திலேயே மகிழ்ச்சியான மாதங்களாக இருந்தவை பங்குனியும் சித்திரையும் வைகாசியும்தான். அந்த மகிழ்ச்சியை ஒவ்வொன்றாகக் கலைத்தது நாம்.

பாரதப் பந்தலை எடுத்துக்கொள்வோம். வட ஆற்காட்டுக் கிராமங்களில் அறுவடை முடிந்து நிலம் ஓய்ந்திருக்கும் கோடையில், திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா எடுப்பார்கள். பதினெட்டு நாள், சில ஊர்களில் அதற்கும் மேலே. மத்தியானம் இரண்டு மணிக்குமேல் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி விடிய விடியக் கூத்து. அந்த மத்தியானத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும் உச்சி வெயில் நேரம். கோயில் வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். கீழே தண்ணீர் தெளித்து அடங்கிய மண். ஓரமாகப் பானைத் தண்ணீர், நீர்மோர். பந்தலுக்குள் முதல் வரிசையில் கிழவர்கள், அவர்களுக்கு இந்தப் பக்கம் ஆயாக்கள். பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாட்டைச் சொல்லி விரித்துக்கொண்டு போவார். எங்கேயாவது ஒரு கிளைக்கதையை விட்டுத் தாண்டினால் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் நிறுத்தும். பிரசங்கியாரும் திரும்பிப் போய் அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவார். சூதாட்டத்துக்கு முனகுவார்கள், கர்ணனுக்கு அழுவார்கள். பகாசுரன் அன்று பீமன் வண்டியில் சோறு வாங்க வருவான். அர்ச்சுனன் தபசன்று தபசு மரத்தின் கீழே பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் கிடப்பான், சாயங்காலம் தீமிதி.

வெயில் காலத்தில் வயதானவர்களுக்கு எவை தேவை என்று இன்று மருத்துவர்கள் சொல்கிறார்களோ, அத்தனையும் அந்தப் பந்தலில் இருந்தன. உச்சி நேரத்தில் காற்றோட்டமான நிழல். கேட்காமலே கைக்கு வரும் தண்ணீர். பக்கத்தில் மனிதர்கள், ஒருவர் சரிந்தால் கவனிக்க நூறு கண்கள். மூளைக்கு வேலை. இதையெல்லாம் திட்டமிட்டுக் கட்டினார்கள் என்று சொல்ல மாட்டேன். வாழ்ந்த முறையிலேயே அமைந்திருந்தது.

பல ஊர்களில் நாம் அந்தப் பதினெட்டு நாளைச் சுருக்கிவிட்டோம். செலவு ஏறிவிட்டது, ஆளுக்கு லீவு கிடைக்காது என்றோம். மத்தியானச் சொற்பொழிவுக்குக் கூட்டம் இல்லை, கிழங்கட்டைகள்தான் வருகிறார்கள் என்று விழாக் கமிட்டியில் பேசினோம். அவர்களுக்காகத்தான் அது என்று யாருக்கும் தோன்றவில்லை. ராத்திரிக் கூத்தை ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டு, மிச்சப் பணத்தில் ஆர்கெஸ்ட்ரா வைத்தோம். ஸ்பீக்கர் சத்தம் தாங்காமல் பெரியவர்கள் பாதியிலேயே எழுந்து வீட்டுக்குப் போனதையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாலாறு இன்னொன்று. பொழுது சாய்ந்ததும் ஆற்று மணலில் போய் உட்காருவது எல்லா மதத்துக்காரர்களுக்கும் பொதுவான கோடை வழக்கமாக இருந்தது. மேல் மணல் சீக்கிரம் ஆறிவிடும், அடி மணலில் ஈரம் இருக்கும். கையால் தோண்டினால் ஊற்று சுரக்கும், ஒரு சொம்பு தெளிய விட்டுக் குடிப்பார்கள். மக்ரிப் தொழுகை முடித்து வந்தவர்களும், சித்ரா பௌர்ணமிக்குச் சோற்று மூட்டையோடு வந்தவர்களும் அதே மணலில் இருந்தார்கள். மணலை லாரியில் ஏற்றியது யார், தோல் ஆலைக் கழிவுநீரை ஆற்றில் இறக்கியது யார், பணம் வந்தபோது பேசாமல் இருந்தது யார்? அந்தக் கழிவுநீருக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நலப் பேரவை உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. தோல் பட்டையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றியதில் நம் ஊர் வழக்குக்கு முக்கிய இடம் உண்டு. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மறுபடியும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் இருபத்தெட்டு கோடைகள் போய்விட்டன. நிலத்துக்கும் கிணற்றுக்கும் கணக்குப் போட முடியும். ஒரு தலைமுறைப் பெரியவர்களின் மாலை நேரம் போனதற்கு எந்த மனுவிலும் நாம் ஒரு வரி எழுதவில்லை.

அந்தப் பெரியவர்கள் யார் என்பதை நினைத்தால் இன்னும் கனக்கிறது. இன்று எழுபதைத் தாண்டியவர்களில் எத்தனையோ பேர் சிறு வயதிலேயே தோல் ஷாப்பில் இறங்கியவர்கள். சுண்ணாம்புக் குழியில் வெறுங்காலோடு நின்று தோலைப் புரட்டியவர்கள், மயிரும் சவ்வும் வழித்தவர்கள், பிற்பாடு டிரம்மிலிருந்து குரோம் ஏறிய நீலத் தோலை வெறுங்கையால் இழுத்துப் போட்டவர்கள். விரலிடுக்கில் ஆறாமல் கிடந்த புண்ணின் தழும்பு இன்னும் சிலர் கையில் இருக்கிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட கடைசித் தலைமுறையும் அவர்கள்தான். பட்டையின் மணத்தை வைத்தே பதம் சொல்லக்கூடியவர்கள். நம் வீட்டுக்குத் தளம் போட்டதும் நம்மைப் படிக்க வைத்ததும் அந்தக் கூலி. முதியோர் பணம் 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. அதுகூட வராதவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

வயதான பெண்களின் நிலை வேறு விதமாகக் கடினம். மே மாதம் பள்ளிக்கூடம் மூடுகிறது. மகளும் மருமகளும் கம்பெனிக்குப் போகிறார்கள். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, ஆயாவுக்கு வருடத்திலேயே அதிக வேலை. சமையல், தண்ணீர் பிடிப்பது, பிள்ளைகளை வெயிலில் ஓட விடாமல் காப்பது. இதற்கு நடுவே வீட்டுக்கு வரும் அப்பர் தையலும், அதாவது ஷூவின் மேல்தோலைத் தைக்கும் வேலையும், சேர்ந்துகொள்ளும். ஆம்பூர்ப் பக்கத்தில் வாசற்படியருகே உட்கார்ந்திருக்கும் பாட்டியைக் கவனித்தால் தெரியும். வெளிச்சத்துக்காக வாசல் ஓரம், அனலுக்காகப் பாதிக் கதவு சாத்தியிருக்கும். மடியில் துளை போட்டு வந்த அப்பர், மெழுகேற்றிய நூல், இரண்டு கையிலும் ஊசி. நூலை இழுக்கும் இரண்டு விரல்களிலும் வெட்டு விழாமல் இருக்கத் துணி சுற்றியிருப்பார். தோலைத் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் ஒரே இறுக்கமாக இழுக்க வேண்டும், ஒரு தையல் தளர்ந்தாலும் ஜோடி திரும்பி வந்துவிடும். ஐரோப்பியக் கடைகளில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் ஜோடிக்கு இவர் கையில் விழுவது சில ரூபாய்த் தாள். ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொள்ளலாம் என்றால் தோலில் ஈரம் சொட்டிக் கறையாகுமோ என்ற பயம். மத்தியானம் அரை மணி நேரம் படுத்து எழ அவருக்கு உரிமை உண்டு என்று நம்மில் யார் பேசியிருக்கிறோம்? மாலையில் அவரை எங்காவது அழைத்துப் போக வேண்டும் என்ற நினைப்பே நமக்கு வந்ததில்லை.

இத்தனைக்கும் போக இடம் இருக்கிறது. ஏலகிரி 1,000 மீட்டருக்கும் மேலே, பொன்னேரியிலிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவு. பெங்களூர்க்காரர்களும் சென்னைக்காரர்களும் அதை நிரப்புகிறார்கள். நாமும் போகிறோம், கம்பெனி நண்பர்களோடு போகிறோம். வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பெரியவரை விட்டுவிட்டுப் போகிறோம். கீழேயே பிறந்து எண்பது வயதாகியும் ஏலகிரியைத் தூரத்து நீலமாக மட்டுமே பார்த்தவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அழைத்துப் போவது பெரிய காரியம் இல்லை. விடிகாலையில் கிளம்பிவிட வேண்டும். வளைவுகளில் தலை சுற்றும் என்பதால் முன் இருக்கை, வயிற்றுக்கு லேசான சாப்பாடு. ஏறி இறங்கி ஒரே நாளில் அலைக்கழிக்காமல் ஒரு ராத்திரி தங்கினால் அவர் நிஜமாகவே உறங்குவார். புங்கனூர் ஏரியைச் சுற்றி சாயங்காலம் மெதுவாக நடக்கலாம். ஒரு கம்பளியும் எடுத்துக்கொள்ளுங்கள், அக்னி நட்சத்திரத்தில் தனக்குக் குளிர்கிறது என்று சொல்லும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவாவது.

அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு வேலூர்க் கோட்டை இருக்கிறது. காலை ஆறு மணிக்கு அகழியோரப் பூங்காவில் நிழலும் நீரும் உண்டு. ஜலகண்டேசுவரர் கோயில் கல்மண்டபம் எட்டு மணிவரை குளிர்ந்திருக்கும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. வாரம் ஒருநாள் நாலு ஆயாக்களைச் சேர்த்து அழைத்துப் போக ஒரு பேத்தி போதும். சென்னையில் அறுபதைக் கடந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் பத்து இலவச டோக்கன் தருகிறார்கள். நம் தாத்தாக்களுக்கும் வேண்டும் என்று நாம் மனு கொடுத்த நினைவில்லை.

பெரியவர்களைத் தனியே விட்டுப் போனால் வெயிலில் என்ன ஆகும் என்பதை மற்ற ஊர்கள் பார்த்துவிட்டன. பிரான்சில் 2003 ஆகஸ்டில் அடித்த அனலில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் எழுபத்தைந்து கடந்தவர்கள், பலர் தனியே இருந்தவர்கள். குடும்பங்கள் விடுமுறைக்குப் போயிருந்தன. உடலைக் கேட்டு யாருமே வராத 57 பேரைப் பாரீஸுக்கு அருகே தியே மயானத்தில் செப்டம்பர் 3 அன்று அடக்கம் செய்தார்கள். குடியரசுத் தலைவர் ஜாக் ஷிராக் போய் நின்றார். அடுத்த வருடமே சட்டம் வந்தது. ஒவ்வொரு ஊரின் மேயரும் தனித்திருக்கும் முதியவர்களின் பதிவேடு வைத்திருக்க வேண்டும், வெப்ப எச்சரிக்கை வந்தால் அவர்களைத் தொடர்புகொண்டு விசாரிக்க வேண்டும். அகமதாபாதில் 2010 மே மாத வெப்பத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக ஆய்வு சொன்னது. 2013இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. வரவேற்க வேண்டியது. ஆனால் சாவுக்குப் பிறகு வரும் உதவி அது. நம் தெருவில் பகலில் தனியே இருக்கும் பெரியவர்கள் யார் யார் என்ற பட்டியலை நாமே எழுதலாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எழுதியதில்லை.

வழி காட்டியவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். சி.எம்.சி.யின் கிராமப்புறப் பிரிவான ரூசா 1977இல் கே.வி.குப்பத்தில் தொடங்கியது. அது சுற்றுக் கிராமங்களில் ஆதரவற்ற முதியவர்களுக்காகப் பகல்நேர மையங்கள் நடத்திவருகிறது. மத்தியானம் ஒரு நல்ல சாப்பாடு, விளையாட்டு, பாட்டு, உட்கார்ந்தபடி செய்யும் உடற்பயிற்சி, ரத்த அழுத்தம் பார்ப்பது. இவ்வளவுதான். குடியாத்தத்திலிருந்து வேலூருக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கே.வி.குப்பத்தைக் கடக்கிறோம். இதைப்போல நம் ஊரிலும் ஒன்று வேண்டும் என்று இறங்கி விசாரித்தவர்கள் எத்தனை பேர்? 2025 நவம்பரில் அரசு தொடங்கிய 'அன்புச்சோலை' பகல்நேர மையங்கள் வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் கிடைத்தன. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் பேர்ணாம்பட்டுக்கும் நாம் கேட்டிருக்க வேண்டும். ஏற்றுமதிக்குச் சலுகை கேட்டு எத்தனை முறை டெல்லி போயிருக்கிறோம்!

கையில் இருப்பதையே நாம் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. செங்கல் சுவர், உயரமான தளம், இரண்டு பக்கமும் ஜன்னல், ஃபேன், தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, வாசலில் வேப்பமரமோ புங்கமரமோ. மே மாதம் முழுக்க அது பூட்டிக் கிடக்கிறது. சத்துணவுக் கூடமும் மூடிக் கிடக்கிறது. அதே மாதம் பத்து வீடு தள்ளி ஷீட்டுக்கடியில் ஒரு பெரியவர் ஈரத்துண்டோடு புரண்டுகொண்டிருக்கிறார். பதினொரு மணியிலிருந்து நாலு மணிவரை ஒரு வகுப்பறையைத் திறந்து வைத்தால் போதும். பானைத் தண்ணீர், மோர், நாலு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். தரையில் சுண்ணக்கட்டியால் ஆடுபுலிக் கட்டம் வரைந்தால் தாத்தாக்கள் சாப்பாட்டையே மறப்பார்கள். பல்லாங்குழியும் தாயமும் ஆயாக்கள் வீட்டிலிருந்து வரும். ஒரு மணி நேரம் பாரதம் வாசிக்கலாம், வாணியம்பாடியில் என்றால் கஜல் சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. பேரப் பிள்ளைகளும் அங்கேயே இருக்கட்டும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் சுமையை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். ஆவாரம்பட்டைக் காலத்துத் தோல் வேலையை யாராவது ஒரு கல்லூரிப் பிள்ளை உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்யட்டும். தன் கைத்தொழிலைப் பற்றி மரியாதையாகக் கேட்க ஒருவர் வந்தால் அந்த முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன்.

அங்கே ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். பேச்சு குழறினால், ஆள் அடையாளம் தடுமாறினால், உடம்பு தணலாகக் கொதித்தால் அவரை நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே 108ஐ அழைக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம்.

மே 1 அன்று கிராம சபை கூடும். அதற்கு மூன்றாம் நாள் அக்னி நட்சத்திரம். வழக்கமாகத் தெருவிளக்கு, குடிநீர், நூறு நாள் வேலை என்று பேசிக் கையெழுத்துப் போட்டு எழுந்துவிடுகிறோம். பள்ளிக்கூடத்தின் ஒரு அறையைக் கோடை முழுக்கப் பகலில் பெரியவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கொடுக்கலாம். நகராட்சியில் இருப்பவர்கள் பகுதி சபையிலோ வார்டு கவுன்சிலரிடமோ கேட்கலாம். ஊர்த் திருவிழாக் கமிட்டியில் இருப்பவர்கள் மத்தியானப் பந்தலை மறுபடி போடலாம், கூட்டம் முப்பது பேர் என்றாலும் போடலாம். கம்பெனி வைத்திருப்பவர்கள் மோருக்கும் ஃபேனுக்கும் செலவை ஏற்கலாம், ஓய்வு பெற்ற தங்கள் தொழிலாளிகளின் பெயர்ப் பட்டியல் அவர்களிடம்தான் இருக்கிறது. சபை மே 1இல் என்றால் மனு ஏப்ரலிலேயே தலைமையாசிரியரிடமும் கல்வி அலுவலகத்திலும் போய்ச் சேர வேண்டும். பள்ளிக்கூடம் மூடிவிட்டால் சாவி யாரிடம் என்று தேடுவதிலேயே பாதி மே போய்விடும்.